ஃபார்மேட் போடும் முன்

பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒரு லேப்டாப் அப்டேட்டுக்குப் பின் எழவில்லை என்றால், அதைப் பையில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மேட் போட்டுடலாம்." மகளின் மதிப்பெண் சான்று, படகின் பதிவுத் தாள், கல்யாணப் படங்கள் எல்லாம் அதோடு போகக்கூடும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் பழவேற்காடு ஏரியில் வலை விடும் இடத்தையும் முறையையும் 'பாடு' என்ற ஏற்பாட்டின்படி பிரித்துக்கொள்வது வழக்கம். அந்தப் பட்டியலையும் ஊர் வரவு செலவையும் ஓர் இளைஞர் எக்ஸலில் வைத்திருந்தால், அந்தக் கோப்பு ஊருக்கே சொந்தம். ஃபார்மேட் கடைசியில் வரவேண்டிய வழி. அதற்கு முன் இருக்கும் வழிகளில் உங்கள் லேப்டாப்புக்கு எது பொருந்தும் என்பது அதன் வயதையும் ரேமையும் பொறுத்தது.

பழவேற்காடு இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 ஒரு பக்கமும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபக்கமும் இருந்தன. ரேம் 2 ஜிபி, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். அக்கா படித்து முடித்ததும் தம்பிக்கு வந்த லேப்டாப்பில் இடையில் யாரோ விண்டோஸ் 10 ஏற்றியிருப்பார்கள். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டது. ஆகவே பழையபடி எழ வைப்பது ஒரு கேள்வி. எழுந்தபின் அதிலேயே இருக்கலாமா என்பது வேறு கேள்வி.

முதலில், கோளாறு அப்டேட்டால்தான் வந்ததா என்று பாருங்கள். பவர் போட்டதும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர்கூடத் திரையில் வரவில்லை என்றால் அது விண்டோஸின் வேலை அல்ல. உப்புக் காற்றில் ரேமின் முனைகள் மங்கிப்போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினாலே பல லேப்டாப்கள் எழும். கடலோர ஊர்களில் இதைச் செய்து பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

பெயர் வந்து, வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால் அப்டேட்டைச் சந்தேகிக்கலாம். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்திருக்கும். கரண்ட் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் அரைகுறையாக நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அதிகம். மைக்ரோசாஃப்டின் தவறாலும் நடக்கும்: 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்தது, நிறுவனம் அதன் விநியோகத்தை நிறுத்தவேண்டியிருந்தது.

எந்த வழியில் போனாலும் கோப்புகளை வெளியே எடுப்பது முதல் வேலை. இன்னொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்டை ஏற்றி, அதிலிருந்து உங்கள் லேப்டாப்பை எழுப்புங்கள். எதையும் நிறுவவேண்டாம், பென் டிரைவிலிருந்தே அது ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பவை ஃபோல்டர்களாகத் தெரியும், வேறொரு டிரைவுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்புகள் இருந்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாமல் மனு முழுக்கப் புரியாத குறிகளாகத்தான் தெரியும். டிஸ்க்கிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் அது இன்னும் கெடும்.

இனி வழிகள். லேப்டாப்பில் 4 ஜிபி அல்லது அதற்கு மேல் ரேம் இருந்து, நேற்றுவரை நன்றாக ஓடியிருந்தால், வந்த அப்டேட்டைக் கழற்றுவதே போதும். எழும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் நீலநிற ரிப்பேர் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போகவேண்டும். மாதாந்திரத் திருத்தம் என்றால் குவாலிட்டி அப்டேட். பதிப்பே மாறியிருந்தால் ஃபீச்சர் அப்டேட். இரண்டாவதைக் கழற்றப் பொதுவாக 10 நாள்தான் அவகாசம். விடுமுறை வரட்டும், பார்க்கலாம் என்று லேப்டாப்பை ஒரு மூலையில் வைத்துவிட்டால் இந்த வழி மூடிவிடும். டிஸ்க்கைத் திறக்க ரிக்கவரி கீ கேட்டால் பயப்படவேண்டாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்க வாய்ப்புண்டு, போனிலேயே பார்க்கலாம்.

கழற்ற முடியாவிட்டால் அதே திரையில் சிஸ்டம் ரெஸ்டோர் இருக்கும். முந்தைய நிலை சேமிக்கப்பட்டிருந்தால் மட்டுமே பயன்படும். முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

அடுத்தது, கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதிதாக்கும் ரீசெட். புதிய லேப்டாப்பில் இது நல்ல வழி. பேட்டரி செத்த 2 ஜிபி லேப்டாப்பில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சுழலும் டிஸ்க்கில் இது பல மணி நேரம் ஓடும். நடுவில் கரண்ட் போனால் முன்பிருந்ததைவிட மோசமான நிலையில் விட்டுவிடும். வேறு வழியே இல்லை என்றால் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் வைத்துச் செய்யுங்கள். நிறுவியிருந்த புரோகிராம்கள் போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

2 ஜிபி லேப்டாப்புக்கு என் பதில் வேறு: விண்டோஸை விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். சென்னை சென்ட்ரலில் இறங்கி ரிட்சி தெருவுக்கு ஒரு நடை போய்வந்தால் சிறிய கொள்ளளவில் கிடைக்கும். இடமிருந்தால் ரேமை 4 ஜிபி ஆக்குங்கள். பிறகு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுங்கள். குறைந்தது 2 ஜிபி போதும் என்கிறார்கள். பிரௌசரில் பாடம் பார்க்க 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. லிப்ரே ஆபீஸ் வேர்டு, எக்ஸல் கோப்புகளைத் திறக்கும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். வைஃபை வேலை செய்யாவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். குப்பத்தில் இன்டர்நெட் பெரும்பாலும் போனில்தான் என்பதால் இது சுமையே அல்ல. மேலும், முதலில் பென் டிரைவிலேயே ஓடவிட்டு, ஒலி, திரை, பிரின்டர் எல்லாம் சரியா என்று பார்த்த பிறகே நிறுவலாம். இப்படி முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும் வசதிக்காகவே இந்த வழியை நான் அதிகம் நம்புகிறேன்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. கூட்டுறவுச் சங்கக் கணக்கு டாலியில் இருந்தாலோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போட்டு வேலை செய்தாலோ விண்டோஸிலேயே இருங்கள். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருப்பவர்களுக்கு நீட்டித்த பாதுகாப்பு 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் பணம் கட்டவேண்டியதில்லை. அதற்குள் வேறு லேப்டாப்புக்குச் சேமிக்கலாம். "விண்டோஸ் 11 ஏத்தித் தர்றோம்" என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0-வும் வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசரும் வேண்டும். சோதனையைத் தந்திரமாகத் தாண்டி ஏற்றினால், பின்னால் வரும் அப்டேட்டுக்கு உத்தரவாதம் கிடையாது.

கடைக்குப் போயே ஆகவேண்டும் என்றால், உங்கள் கண்முன் கோப்புகளை நகலெடுத்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு லேப்டாப்பைக் கொடுங்கள். முறையான விண்டோஸ் 10 முன்பே ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த உரிமம் மதர்போர்டோடு பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்ப நிறுவப் புதிய கீ வேண்டாம், அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் வைஃபை அமைப்பில் மீட்டர்டு கனெக்ஷனை ஆன் செய்யுங்கள். போனின் ஹாட்ஸ்பாட்டில் தினசரி டேட்டாவைப் பெரிய அப்டேட் தானாக விழுங்குவது பெரும்பாலும் நிற்கும். மாதம் ஒரு முறை, மழை இல்லாத பகலில், கரண்ட் நிலையாக இருக்கும்போது நீங்களே அப்டேட்டை ஓடவிடுங்கள்; அதற்கு முந்தின நாளே முக்கியக் கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.