புகைப்படத்தின் துணைகொண்டு ஓவியம் எழுதுதல்

சங்கத்தின் நாட்காட்டிக்கோ, சேலைப் பெட்டிக்கோ, வாழைப்பழக் கூடையின் லேபிலுக்கோ ஒரு படம் வேண்டுமெனில், எங்கோ கண்ட அழகிய புகைப்படத்தை அப்படியே பார்த்து எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது முறைதானா என்பதை ஆராய்வோம்.

புகைப்படத்தைத் துணைக்கொள்வது இழுக்கன்று. முன்னாளில் நமது நாஞ்சில் நாடு அடங்கியிருந்த திருவிதாங்கூரில், கிளிமானூரில் 1848-இல் பிறந்த இராஜா இரவிவர்மா, புகைப்படங்களின் துணைகொண்டும் உருவப்படங்கள் எழுதினார். அக்காலப் புகைப்படம் வண்ணமற்றது. சேலையின் நிறத்தையும் சரிகையின் மினுக்கையும் அவர் தம் கண்ணறிவினால் அல்லவா சேர்க்க வேண்டியிருந்தது? புகைப்படம் நமக்குச் சாட்சியே அன்றி எசமானன் அன்று என்பதை இதனின்றும் உணரலாம்.

சுசீந்திரம் கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்தை எழுதப் புகுவதாகக் கொள்வோம்.

முதலாவதாக, நேரில் சென்று காண்க. எதைக் கண்டு மனம் நின்றதோ, அதை ஒரே வாக்கியத்தில் குறித்துக்கொள்க. அதுவே ஓவியத்தின் கருப்பொருள்.

இரண்டாவதாக, பல இடங்களில் நின்று, பல வேளைகளில், நாமே படம் எடுத்தல் வேண்டும். ஒரே படத்தை நம்பினால் அதன் அமைப்புக்கே அடிமையாவோம்.

மூன்றாவதாக, கருவியின் பிழைகளை அறிதல் வேண்டும். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் கோபுரம் உள்ளபடியினும் மிகுதியாக மேலே குறுகிப் பின்சாய்ந்து தோன்றும். மிக அருகிலுள்ள பொருள் அளவிற்கு மீறிப் பெருக்கும். நிழலில் நம் கண் காணும் சிற்பங்கள் படத்தில் வெறும் கருமையாய் மறைதலும் உண்டு. இவற்றை நேரிற் கண்ட நினைவு கொண்டு திருத்துக.

நான்காவதாக, படங்களை மூடி வைத்துவிட்டு, சிறு தாளில் மூன்று நான்கு அமைப்புகளை எழுதிப் பார்க்க. சிறந்ததைத் தேர்ந்தபின், ஐயம் எழுமிடத்து மட்டும் படத்தை நோக்குக. காலைப் படத்தின் கோபுரத்தையும் மாலைப் படத்தின் மரத்தையும் ஒன்றுசேர்ப்பவர், ஒளி ஒரே திசையினின்று வருமாறு நிழல்களைச் சீர்செய்தல் இன்றியமையாதது. கோபுரத்தின் கிழக்கு முகம் காலையில் ஒளிரும். மாலையில் நிழலில் ஆழும்.

இனி, உரிமையைப் பற்றியும் அறிதல் நலம். கோபுரம் எல்லோர்க்கும் பொது. அதனை ஒருவர் எடுத்த புகைப்படமோ பொதுவன்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, புகைப்படம் எடுத்தவரின் வாழ்நாள் முழுதும், அவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும். பிறர் படத்தை இசைவின்றி நகல்செய்து நாட்காட்டியில் அச்சிட்டால், வழக்கும் இழப்பீடும் சங்கத்தின் மேல் விழக்கூடும். நிறத்தை மாற்றுவதனாலோ, இடவலம் திருப்புவதனாலோ நகல் புதிய படைப்பாகிவிடாது. பிறர் படம் வேண்டுமெனில் உரியவரிடம் எழுத்து மூலம் இசைவு பெறுக.

நெசவாளருக்கு இவ்வுண்மை புதிதன்று. மலரைக் கட்டத்தாளில் இறக்கும்போது, எவ்விதழை விடுப்பது, எவ்வளைவை எத்தனை இழையில் காட்டுவது என்று தேர்கிறோம். அத்தேர்வினால்தான் அம்மலர் நம் சேலையின் மலராகிறது. ஓவியத்திற்கும் அதுவே வழி.

இம்மாதம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வயலையோ தறியையோ மூன்று படங்கள் எடுத்து, அவற்றை மூடிவைத்து, ஓர் ஓவியம் எழுதிப் பார்ப்பாராக. அடுத்த ஆண்டின் நாட்காட்டிக்கு வெளியே படம் தேடும் தேவை நமக்கு இராது.