நாற்காலி வேலையிலும் இடுப்பு ஒடியும்!



மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் நம் இடுப்பு ஒடிந்தது போதும், பிள்ளையாவது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்றுதான் படிக்க வைக்கிறோம். ஆனால் உட்காரும் முறை தவறினால் அந்த நாற்காலியிலும் இடுப்பு ஒடியும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கட்டிலிலும் தரையிலும் குனிந்து கிடந்து பிள்ளைகள் பாடம் படித்தார்கள். அந்தப் பழக்கம் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. 'கழுத்து வலிக்குதும்மா' என்றால் தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம்.

பால் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கினால் பாரம் தெரியாது. கையை நீட்டித் தூக்கினால் கனக்கும். தலையும் அப்படித்தான். முன்னால் குனியக் குனியக் கழுத்துக்குப் பாரம் கூடும். காசு செலவில்லாமல் வீட்டிலேயே இதைச் சரிசெய்யலாம்.

1. நாற்காலி: முதுகு சாய்ந்திருக்க வேண்டும். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். பாதம் இரண்டும் முழுதாகப் படிய வேண்டும். கால் எட்டவில்லையா? ஒரு பலகைப் பெட்டியைக் காலடியில் போடுங்கள்.

2. மேசை: தோளைத் தூக்காமல், முழங்கை 90 பாகை மடிந்தபடி தட்டச்சு செய்ய வேண்டும். மேசை உயரமாக இருந்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்துங்கள்.

3. திரை: கை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில் இருக்கட்டும். மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரவேண்டும். மடிக்கணினி என்றால் பழைய புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்து, தனிக் கீபோர்டும் மவுசும் மாட்டுங்கள். செலவு என்றால் இது ஒன்றுதான்.

4. வெளிச்சம்: ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் கண் கூசும்.

5. ஓய்வு: 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் மரம் போதும். திரையையே பார்த்தால் கண் சிமிட்டுவது குறைந்து எரிச்சல் வரும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும்.

ஆபீசில் வேலை பார்க்கும் மகள், 'ராத்திரியில விரல் மரத்துப் போகுதுப்பா' என்கிறாளா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போனால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள். கிளினிக்கில் காட்டுங்கள். நாள்பட விட்டால் கையின் பிடியே தளர்ந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஆபீசுக்கும் உண்டு. இயன்ற மட்டும் வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைப்பது முதலாளியின் கடமை. உடைந்த நாற்காலியை மாற்றிக் கேட்பது சலுகை அல்ல, உரிமை!

இன்று இரவே பிள்ளை உட்காரும் இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள்.