32-ஐ எழுதாதீர்கள், கூட்டுங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். எட்டுக்கு நாலு அடிப் பலகையில் ஓஓ அளவு லேஅவுட் வைத்திருக்கிறேன். பழைய கிளாஸ் 37 டீசல் என்ஜின் ஒன்று வாங்கி, கண்ட்ரோலரின் கட்டளையைக் கேட்டு மோட்டாரை ஓட்டும் எட்டு ஊசி டீகோடரை நானே செருகினேன். 3 என்ற முகவரியில் நன்றாகவே ஓடியது. என்ஜின் பக்கவாட்டில் 37401 என்று இருப்பதால் 7401 என்று முகவரி கொடுக்க ஆசைப்பட்டேன். தனியாகத் தண்டவாளம் எதுவும் இல்லாததால் கண்ட்ரோலரின் புரோகிராமிங் வயரை லேஅவுட்டிலேயே மாட்டி, நண்பர் சொன்னபடி டீகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் இடங்களான சி.வி.க்களில் 17-ல் 220, 18-ல் 233, 29-ல் 32 என்று எழுதினேன். ஒவ்வொரு தடவையும் 'எரர்' வந்தது. ஆனாலும் 7401-க்கு என்ஜின் ஓடுகிறது! ஆனால் குமிழை ஒவ்வொரு படியாகத் திருப்பும்போது முன்விளக்கு எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. கண்ட்ரோலர் 28 வேகப் படியில் இருக்கிறது. அதைவிட வேடிக்கை, சைடிங்கில் சும்மா நின்ற ஷண்டிங் என்ஜினும் இப்போது 7401-க்குத்தான் கிளம்புகிறது. டீகோடர் எரிந்துவிட்டதா? புதிது வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். எரிந்த டீகோடர் இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யாது. நீங்கள் சொன்னதை அது அப்படியே கேட்டிருக்கிறது. சொன்னதில்தான் ஒரு எண் குறைகிறது.

முதலில் விளக்கு. உங்கள் நண்பர் சொன்ன 220-ம் 233-ம் மிகச் சரி. 7401-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 28, மீதி 233. ஈவோடு 192-ஐக் கூட்டினால் 220. இந்தக் கணக்கில் குற்றமில்லை. சி.வி. 29-ல்தான் அவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதற்குள் இருப்பது ஒரு மதிப்பல்ல, தனித்தனி ஸ்விட்சுகள். 1 என்றால் என்ஜின் திசை தலைகீழாகும். 2 என்றால் வேகம் 28 அல்லது 128 படி. 4 என்றால் பழைய டி.சி. கண்ட்ரோலரிலும் ஓடும். 8 ரெயில்காம், அதாவது டீகோடர் திருப்பித் தகவல் அனுப்பும் வசதி. 16 வேக அட்டவணை. 32 என்றால் நாலு இலக்க முகவரி. வேண்டியவற்றை மட்டும் கூட்டி வரும் தொகையை எழுத வேண்டும். நீங்கள் வெறும் 32-ஐ எழுதியதும் நீண்ட முகவரி வேலை செய்தது, மற்ற எல்லா ஸ்விட்சும் அணைந்தன. அதில் 2-ம் போனது.

அது போனால் விளக்கு ஏன் கண்ணடிக்க வேண்டும்? கண்ட்ரோலர் அனுப்பும் வேகக் கட்டளையில் ஒரு பிட் இருக்கிறது. 28 படி முறையில் அது வேகத்தின் கடைசிப் பிட். படி ஒன்று ஏறினால் அது மாறும், இன்னொன்று ஏறினால் மறுபடி மாறும். பழைய 14 படி முறையில் அதே பிட்தான் முன்விளக்கின் ஸ்விட்ச். உங்கள் கண்ட்ரோலர் 28-ல் பேசுகிறது, டீகோடர் 14-ல் கேட்கிறது. அது வேகம் என்று அனுப்புவதை இது விளக்கு என்று எடுத்துக்கொள்கிறது. படிக்குப் படி விளக்கு மாறினால் வேறெதையும் தேட வேண்டாம், சி.வி. 29-ல் 2 இல்லை என்பதே முதல் சந்தேகமாக இருக்கட்டும்.

எனவே 32-ஓடு 2-ஐக் கூட்டி 34 எழுதுங்கள். பல டீகோடர்கள் கடையிலிருந்து வரும்போது 6 இருக்கும், அதாவது 2-ம் 4-ம். அதோடு 32 சேர்த்து 38 என்று எழுதுவோரும் உண்டு. நான் 34 பக்கம். டி.சி.யில் ஓட்டப்போவதில்லை என்றால் அந்த 4 எதற்கு? தண்டவாளத்தில் சிக்னல் ஒரு கணம் குழம்பினால், இதோ டி.சி. வந்துவிட்டது என்று நினைத்து என்ஜின் முழு வேகத்தில் பாய்வதற்கு அந்தப் பிட்தான் வழி திறந்து வைக்கிறது.

அடுத்து, சைடிங்கில் நின்ற அப்பாவி. புரோகிராமிங் முறையில் கட்டளைக்கு முகவரியே கிடையாது. வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லாமல் 'எழுதிக்கொள்' என்றால் பெஞ்சில் இருக்கிற எல்லோரும்தானே எழுதுவார்கள்? அந்த வயரில் நின்ற எல்லா டீகோடரும் 17, 18, 29 மூன்றையும் எழுதிக்கொண்டன. நல்ல வேளையாக, ஷண்டிங் என்ஜினின் பழைய சிறிய எண்ணை நீங்கள் தொடவில்லை. அது சி.வி. 1-ல் அப்படியே கிடக்கிறது. அந்த என்ஜினைத் தனியாக வைத்து சி.வி. 29-ல் 2 எழுதுங்கள். 32 போனதும் பழைய எண் உயிர்பெறும்.

தனியாக என்றேன் அல்லவா, அதுதான் இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல வருவது. ஓர் அடித் தண்டவாளத்தை லேஅவுட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒரு மூலையில் ஆணியடித்து வையுங்கள். கண்ட்ரோலரின் புரோகிராமிங் இரண்டு வயரும் அதற்கு மட்டும். அங்கே நிற்பது எப்போதும் ஒரே என்ஜின்.

'எரர்' கதையும் இங்கேதான் தீரும். புரோகிராமிங்கின்போது டீகோடர் வாய்திறந்து பதில் சொல்வதில்லை. சொன்னது புரிந்தது என்பதற்கு அடையாளமாக மோட்டாரை ஒரு கணம் ஓட்டி, சுமார் 6 மில்லி நொடிக்கு 60 மில்லி ஆம்பியராவது கூடுதலாக இழுக்கும். என்ஜின் லேசாகத் துள்ளுவதை உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கண்ட்ரோலர் அந்தத் துள்ளலைத்தான் பதிலாக எடுத்துக்கொள்கிறது. சக்கரத்தில் அழுக்கு இருந்தாலோ, அதே வயரில் விளக்குப் போட்ட பெட்டிகள் நின்று மின்சாரம் குடித்தாலோ துள்ளல் தெரியாது. சி.வி.யில் இருப்பதைப் படிக்கும்போது இரண்டு என்ஜின்கள் நின்றால், ஒரே கேள்விக்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொல்லி, வருவது குப்பை. ஆக, எரர் என்றால் எழுதப்படவில்லை என்று அர்த்தமில்லை. எழுதியாகியிருக்கலாம், ரசீது மட்டும் வந்திருக்காது. உங்களுக்கு நடந்தது அதுவே.

சக்கரங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, என்ஜினைத் தனித் தண்டவாளத்தில் வைத்து, எதையும் எழுதுவதற்கு முன் சி.வி. 8-ஐப் படியுங்கள். அது தயாரிப்பாளரின் எண். 99 வந்தால் லென்ஸ், 145 ஜிமோ, 151 ஈ.எஸ்.யூ. அந்த எண் ஒழுங்காக வந்தால் டீகோடர், சக்கரம், மோட்டார் மூன்றும் நலம். பிறகு 29-ஐப் படித்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மாற்றுங்கள். எல்லாம் குழம்பிப் போனாலும் பயமில்லை: பல டீகோடர்களில் சி.வி. 8-ல் 8 எழுதினால் ஆலையில் இருந்த நிலைக்குத் திரும்பி, முகவரி மறுபடி 3 ஆகும். சில டீகோடர்களில் இது வேறாக இருக்கலாம், கூட வந்த தாளைப் பாருங்கள்.

கணினி இருக்கிறதென்றால், கண்ட்ரோலரை அதோடு இணைக்க வசதியும் இருந்தால், ஜே.எம்.ஆர்.ஐ.யின் டீகோடர்புரோ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சி.வி. 29-ஐ அது டிக் அடிக்கும் கட்டங்களாகக் காட்டும். கூட்டல் அதன் வேலை.

நீங்கள் கேட்காத ஒன்று. டீகோடர் பிளக்கை எட்டு ஊசிச் சாக்கெட்டில் தலைகீழாகச் செருகிவிட்டால் என்ஜின் பின்னோக்கி ஓடும், விளக்கு எரியாது. அப்போது பலர் சி.வி. 29-ல் 1-ஐக் கூட்டித் திசையை மட்டும் சரிசெய்துவிட்டு, விளக்கு ஏன் எரியவில்லை என்று பல்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆரஞ்சு வயர் உள்ள மூலை சாக்கெட்டின் 1-ம் எண் துளையில் இருக்க வேண்டும். உங்களுக்கு விளக்கு எரிவதால் இந்தத் தொல்லை இல்லை.

விளக்கு அடங்கியதும் சி.வி. 3-ஐயும் 4-ஐயும் தொட்டுப் பாருங்கள். வேகம் எடுப்பதும் குறைப்பதும் அவற்றில்தான். தர விதிப்படி சி.வி. 3-ல் எழுதும் எண்ணை 0.896-ஆல் பெருக்கினால், நின்ற நிலையிலிருந்து முழு வேகம் வர எத்தனை நொடி என்று கிடைக்கும். 20 போட்டால் சுமார் 18 நொடி. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள நிஜக் கிளாஸ் 37-க்கு அது பொருத்தம்தான், ஆனால் உங்கள் எட்டடிப் பலகையில் வண்டி வேகமெடுத்து முடிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு சுற்றே வந்துவிடும். 6 அல்லது 7 போதும். சி.வி. 4-ஐ அதற்கும் குறைவாக வையுங்கள், இல்லையென்றால் சைடிங் முனையிலுள்ள பஃபர் தாங்காது.