உலர்சலவைக் கடை: முதல் போடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

பெயர் பெற்ற கம்பெனியின் பெயரையும் முறையையும் வாங்கி, 'பிரான்சைஸ்' உலர்சலவைக் கடை திறக்க நம் வாலிபர் சிலர் விரும்புகின்றனர். வீட்டு நகையை முதலாக்குமுன் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. பெயருக்குக் கட்டும் தொகையோடு செலவு முடியாது. கடை முன்பணம், சலவை இயந்திரம், நீராவிக் கொதிகலன், மின்சாரம் எல்லாம் தனி. துணியை வாங்கிக் கம்பெனி ஆலைக்கு அனுப்பும் கடையானால் இயந்திரச் செலவில்லை, ஆதாயமும் குறைவு.

2. மாதப் பங்கு பெரும்பாலும் விற்பனையின்மீதே, ஆதாயத்தின்மீதன்று. நூற்றுக்கு 6 என்று வைத்தால், 20,000 வெள்ளி விற்பனைக்கு 1,200 வெள்ளி. நஷ்டம் வந்த மாதமும் கட்டியாக வேண்டும்.

3. இயந்திரம் எந்தத் திரவத்தில் ஓடுகிறதென்று கேளுங்கள். பெர்குளோரோஎத்திலீன் உடல்நலத்துக்குக் கேடென்று, உலர்சலவையில் அதைப் 10 ஆண்டுகளில் நிறுத்த அமெரிக்கா 2024இல் விதி செய்தது.

4. மலேசியாவின் 1998ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டப்படி, ஒப்பந்தம் 5 ஆண்டுக்குக் குறையலாகாது. கையொப்பத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே ஒப்பந்தப் பிரதியும் விவரப் பத்திரமும் தர வேண்டும்.

அந்தப் பத்து நாளை வீணாக்காதீர்கள். கணக்கறிந்த ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டி, ஐந்தாண்டு வாடகையையும் பங்கையும் கூட்டிப் பார்த்தபின் பேனாவை எடுங்கள்.