பரணில் கிடக்கும் பழைய கத்தி பேசுமா?

மரக்காணம் போன்ற உப்பளக் கரையோர ஊர்களில், சிறுவயது முதல் வீட்டில் இருந்துவரும் வேட்டைக் கத்தி ஒன்று பரணில் அகப்பட்டால் போதும், அதைப் பற்றி ஆளுக்கொரு கதை கிளம்பும். "அசல் சீமைக் கத்தி" என்பார் ஒருவர். "நம்மூர்க் கொல்லர் அடித்தது" என்பார் மற்றவர். மாணவர்களே, எது உண்மை என்று கத்தியையே கேட்டுப் பார்ப்போமா?

முதலில் ஓர் எச்சரிக்கை. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள்! துருவோடு சேர்ந்து முத்திரையும் போய்விடும். அழிந்த சாட்சியை எந்தச் சோதனையும் மீட்டுத் தராது. சோதனைகளைப் பெரியவர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள்.

முத்திரை சொல்வது

பிடிக்கு அருகே கத்தியின் பக்கத்தில் சாய்வான ஒளி விழச் செய்து உருப்பெருக்கியால் பாருங்கள். மங்கிய எழுத்தும் நிழலால் புலப்படும். "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் அது 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட காலத்தது. ஏனெனில் அந்தப் பெயரில் நாடு இருந்தது அப்போதுதான். துருப்பிடிக்காத எஃகை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913-இல். ஆகவே அத்தகைய எஃகால் ஆன கத்தி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் முத்திரையைப் போலியாகவும் பொறிக்கலாம். எனவே உலோகத்தையும் விசாரிக்க வேண்டும்.

உலோகம் சொல்வது

காந்தம் ஒட்டினால் துருப்பிடிக்கும் எஃகு, ஒட்டாவிட்டால் துருப்பிடிக்காத எஃகு என்று பலர் நினைக்கிறார்கள். கத்திகளுக்கு இது பொருந்தாது. கடினமாக்கக்கூடிய துருப்பிடிக்காத கத்தி எஃகும் காந்தத்தில் ஒட்டும்.

அடர்த்தியும் உதவாது. தேனிரும்பு, சாதாரண எஃகு இரண்டும் கன செ.மீ.க்கு ஏறத்தாழ 7.8 கிராம்தான். போதாக்குறைக்கு, மரப்பிடியைக் கழற்றாமல் உலோகத்தின் எடையை மட்டும் தனியே காண இயலாது.

வேறுபாடு கரியில் இருக்கிறது. தேனிரும்பில் கரி 0.1 சதவீதத்துக்கும் குறைவு. நல்ல கத்தி எஃகில் 0.6 சதவீதத்துக்கு மேல். கரி மிகுந்த எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கடினமாகும். அந்த வாயில் அரம் வழுக்கும். மிருதுவான இரும்பில் பற்றும். இதை மறைவான ஓரிடத்தில் மெதுவாக ஒரே ஒருமுறை செய்து பாருங்கள்.

அடுத்து, துருவற்ற ஓரிடத்தில், வாயிலிருந்து முதுகு வரை எலுமிச்சைச் சாற்றைத் தடவி, சில நிமிடங்களில் கழுவித் துடையுங்கள். வாய்ப்பகுதி கருத்தும் முதுகு வெளிறியும் எல்லைக்கோடு தெரிந்தால், வாய் மட்டும் கடினமாக்கப்பட்டிருக்கலாம். அல்லது இரும்போடு எஃகு வாயை ஒட்டி அடித்திருக்கலாம். முழுவதும் சீராகக் கருத்தால், கத்தி ஒரே எஃகில் செய்யப்பட்டிருக்கலாம். லாரியின் வில்பட்டையிலிருந்து பட்டறைக்காரர் அடித்த கத்தியும் இப்படித் தெரியலாம். நிறமே மாறாவிட்டால் அது துருப்பிடிக்காத எஃகாக இருக்கக்கூடும்.

தென்னிந்திய எஃகின் புகழ் பெரிது. ஈரோடு மாவட்டக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. மைக்கேல் பாரடே 1819-இல் இந்திய "ஊட்ஸ்" எஃகை ஆராய்ந்தார். ஆனாலும் பழைய கத்திகள் எல்லாம் ஊட்ஸ் ஆகிவிடா. அதை உறுதி செய்ய நுண்ணோக்கியும் வேதிப் பகுப்பாய்வும் வேண்டும்.

உப்புக் காற்றின் வேலை

நம் கடற்கரையில் கத்தி விரைவில் துருப்பிடிப்பது ஏன்? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றின் நீரை உறிஞ்சிக் கரையும். உப்பளத்துக் கச்சா உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும்! இரும்பின் மேல் இப்படி உண்டாகும் உப்புநீர்ப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழக்க, வேறோரிடத்தில் ஆக்சிஜனும் நீரும் அவற்றைப் பெறும், துரு வளரும். எனவே துரு மிகுதியாக இருப்பது வயதுக்குச் சான்றன்று. பத்தாண்டுக் கத்தியும் இங்கே நூற்றாண்டுக் கத்தி போலத் தோன்றலாம்.

கத்தியைக் காக்க, உதிரும் துருவை மென்மையான தூரிகையால் நீக்கி, நல்ல நீரில் கழுவி, உடனே நன்கு உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். தோல் உறை ஈரத்தைத் தேக்கும். உறையிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள்.

சிந்தியுங்கள்

1. உங்கள் கத்தியைப் பற்றிய குடும்பக் கதைகளில் எதைச் சோதனை ஆதரித்தது? எதை மறுத்தது?

2. ஒரே எஃகில் செய்த இரு ஆணிகளில் ஒன்றை உப்பளத்தருகேயும் மற்றொன்றை உள்ளூர்ப் பகுதியிலும் ஒரு மாதம் வைத்தால் எடை மாற்றத்தை எப்படி அளப்பீர்கள்? துருவை நீக்காமல் எடைபோட்டால் விடை என்னவாகும்?