‘பீப்பிங் டாம்’ – ஒரு மறுபார்வை

நல்ல படத்தை மக்கள் புறக்கணிப்பதுண்டு. கற்றறிந்த திறனாய்வாளர்களே ஒரு நல்ல படத்தை விரட்டியடித்ததும் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் வெளியான ‘பீப்பிங் டாம்’ அதற்கோர் எடுத்துக்காட்டு. ஒளிந்திருந்து பார்ப்பவன் என்பது தலைப்பின் பொருள். படத்தைப் பார்க்காமலேயே, ‘அது வெறும் வக்கிரம்’ என்று நண்பர்களிடம் நானும் அளந்ததுண்டு. பார்த்தபின் வெட்கினேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இயக்குநர் மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கருடன் இணைந்து ‘தி ரெட் ஷூஸ்’ (1948) முதலிய படங்களைத் தந்து பெரும்புகழ் பெற்றவர். ‘பீப்பிங் டாம்’ கதையை எழுதியவர் லியோ மார்க்ஸ்.

கதை இதுதான். மார்க் லூயிஸ் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் காமிரா உதவியாளன். பெண்களைக் கொல்லும்போது அவர்கள் முகத்தில் எழும் அச்சத்தைப் படம்பிடிக்கிறான். காமிரா முக்காலியின் ஒரு காலில் கத்தி மறைந்திருக்கிறது. சாகிறவர் தம் அச்சத்தைத் தாமே காணும்படி ஒரு கண்ணாடியும் உண்டு. அவன் தந்தை அச்சத்தை ஆராய்ந்த அறிவியலாளர். உறங்கும் மகனின் படுக்கையில் பல்லியை விட்டு, அவன் நடுங்குவதைப் படமெடுத்தவர்.

இவ்வளவு கொடுமையா என்றுதான் அன்றைய இலண்டன் பத்திரிகைகள் கொதித்தன. சாக்கடையில் தள்ள வேண்டிய படம் என்ற பொருளில்கூட ஒருவர் எழுதினார். ஆனால் படத்தில் இரத்தம் மிகக் குறைவு. கொலையின் கணத்தில் காட்சி வெட்டப்பட்டு விடுகிறது. அப்படியானால் அவர்களைச் சுட்டது எது?

என் கருத்தைச் சொல்கிறேன். முதற்கொலையை நாம் மார்க்கின் காமிராக் கண் வழியாகவே பார்க்கிறோம். அடுத்து, இருட்டறையில் தனியே அமர்ந்து அதே காட்சியை அவன் திரையில் ஓட்டிப் பார்க்கிறான். நாமும் இருட்டில் அமர்ந்து அதையே பார்க்கிறோம்! அதே ஆண்டு வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் கொலையாளி யாரென்பது இறுதிவரை மறைக்கப்படுகிறது, அச்சம் மட்டுமே நமக்கு. இங்கோ கொலையாளியைத் தொடக்கத்திலேயே அறிகிறோம். குற்றத்திலும் நமக்குப் பங்கு வருகிறது. பவல் தம்மையும் விட்டுவைக்கவில்லை. அக்கொடிய தந்தையாக நடித்தவர் அவரே. சிறுவனாக நடித்தவன் அவருடைய மகன்.

குறையே இல்லையா? உண்டு. மார்க்கின் நோய்க்குத் தரப்படும் உளவியல் விளக்கம் மிக எளிதாக முடிந்துவிடுகிறது. ஆனால் கீழ்வீட்டுப் பெண் ஹெலனைப் படம்பிடிக்க அவன் அஞ்சும் இடமும், அவளுடைய பார்வையற்ற தாய் அவனை உணர்ந்துகொள்ளும் இடமும் அக்குறையை மறக்கச் செய்கின்றன.

படம் விரைவிலேயே திரையரங்குகளை விட்டு மறைந்தது. பவலுக்குத் தாய்நாட்டில் வாய்ப்புகள் அருகின. பின்னாளில் ஆஸ்திரேலியா சென்று படமெடுத்தார். மார்ட்டின் ஸ்கார்செசியின் முயற்சியால் 1979-இல் நியூயார்க் திரைப்பட விழாவில் இப்படம் மறுவாழ்வு பெற்றது. அன்று கண்டித்தவர்களுள் ஒருவரான டிலிஸ் பவல், 1994-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதினார். (பெயர் ஒன்றானாலும் இயக்குநருக்கு உறவினர் அல்லர்.) ஆனால் மைக்கேல் பவல் 1990-லேயே மறைந்துவிட்டார்!

நண்பர்களே, ஒரு படைப்பு நம்மைச் சங்கடப்படுத்தினால், உடனே அதைத் தீயது என்று தீர்ப்பளிக்க வேண்டாம். சங்கடம் படைப்பில் உள்ளதா, நம்முள் உள்ளதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். தீர்ப்பை நாளை திருத்தி எழுதலாம். ஒரு கலைஞன் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தர யாரால் முடியும்?