ஓரிரு இடங்களில்

அன்புள்ள தேன்மொழிக்கு,

"ஓரிரு இடங்கள்ல மழை பெய்யும்னு சொன்னா அது எப்படி மாமா தப்பாகும்? எங்கேயாவது பெய்யத்தானே செய்யும்!" என்று போனில் சிரித்தாய். நானும் உன் வயதில் அதை மழுப்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.

அது அளந்து வைத்த சொல். ஒரு வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் அது 'ஓரிரு இடங்கள்'. பாதி வரை போனால் 'ஒரு சில', முக்கால் வரை 'அநேக', அதற்கும் மேலே 'பெரும்பாலான'. ஓரிரு என்று சொன்ன நாளில் முக்கால்வாசி நிலையங்கள் நனைந்தால் கணிப்பு தவறியது என்றே அர்த்தம். டிவியில் இந்த அளவுகளை வாசிக்கக் கேட்பது அபூர்வம். நீ சிரித்ததில் தப்பில்லை.

'கனமழை'யும் அப்படித்தான். காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதைத் தாண்டினால் அதி கனமழை. இந்த மூன்றாவது சொல்லுக்கு மேல்வரம்பே கிடையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. 21 செ.மீ.க்கும் அதே பெயர், 95க்கும் அதே பெயர். தாமிரபரணிக் கரையில் இருப்பவர் அந்தச் சொல்லைக் கேட்டு எந்த அளவுக்குப் பயப்படுவார்? அகராதி போதவில்லை என்பது என் கட்சி.

எச்சரிக்கை நிறங்கள் வேறு கணக்கு. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ஆனால் சிவப்பே வந்தாலும் பள்ளிக்கு லீவு விடுவது கலெக்டர். வானிலை மையம் இல்லை. 2015இல் சென்னை வானிலை மையத்தின் ரமணன் டிவியில் வந்தாலே பிள்ளைகள் அவரையே லீவு தெய்வமாகக் கொண்டாடினார்கள், பாவம் மனிதர்!

இந்த ஐப்பசியில் ஒன்று செய். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை மொட்டைமாடி நடுவில் வை. காலை 8.30க்கு ஸ்கேலை விட்டு ஆழம் பார். உங்கள் ஊர் நிலையம் அன்று வெளியிடும் அளவையும் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. டப்பாவை அக்காவிடம் கேட்டே எடு. போன தடவை பருப்பு டப்பாவுக்கு வாங்கிய திட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா